நாற்பத்தேழாம் எண் வண்டியின் கதவு

ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். குளித்தான். ஒரு டம்ளர் டீ போட்டு, நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான், முன்பக்கம் மட்டும். கதவைப் பூட்டினான். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தான். சாவியைச் சட்டைப் பையில் போட்டான். பேன்ட் பையில் இன்னொரு சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். இருந்தது. மூன்றாவது சாவி பைக் சீட்டுக்கு அடியில் இருந்தது.

பதினாலு மாதமாக இப்படித்தான்.

வாசலில் மைத்துனன் காத்திருந்தான். மனைவியின் தம்பி. செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். கடையை விட வாய் பெரிது.

"மூணு சாவியோட திரியிற ஒரே ஆள் நீங்கதான் மாமா. ஒண்ண எனக்குக் குடுங்க. நாலு பேர்கிட்ட எனக்கும் சொந்த வீடு இருக்குன்னு பீத்திக்கிறேன்."

"பை எடுத்தியா?"

"எடுத்தேன். கண்ணாடி இருக்கு. நோட்டு இருக்கு. அப்புறம் இதுவும் இருக்கு." பையை விரித்துக் காட்டினான். டயர் கழற்றுகிற இரும்புக் கம்பி ஒன்று முழ நீளத்துக்குக் கிடந்தது.

அவன் கம்பியை எடுத்து எடை பார்த்தான். திரும்பப் பைக்குள் வைத்தான்.

"வேணாமா மாமா?"

"இருக்கட்டும். ஆனா ஒரே அடியில முடிஞ்சா அது அவனுக்கு லாபம்."

மைத்துனன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். பைக் கிளம்பியது.

விபத்துக் காப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா புளுகா என்று கண்டுபிடிப்பதுதான் அவன் தொழில். கை உடைந்ததாகச் சொன்னவன் கிணற்றில் நீர் இறைப்பதைப் படம் பிடித்திருக்கிறான். எரிந்துபோனதாகச் சொன்ன லாரியைப் பெயின்ட் கடையில் கண்டுபிடித்திருக்கிறான். ஊரார் விபத்தையெல்லாம் துருவியவனுக்குத் தன் வீட்டு விபத்தில் மட்டும் பதினாலு மாதமாக நூல் முனைகூடக் கிடைக்கவில்லை.

ஒரு மாலை. ஆள் அரவமில்லாத சாலை. வேலை முடிந்து நடந்து வந்த அவன் மனைவியை ஒரு வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டது. நாற்பது நிமிடம் கழித்து வேறு யாரோ பார்த்துத் தூக்கிப்போனார்கள். "பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா" என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை.

அன்று காலை சாவியை மேசையிலேயே மறந்துவிட்டு அவன் வேலைக்குப் போயிருந்தான். மாலையில் வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நின்றான். 'எங்க போய்த் தொலஞ்ச?' என்று அவளுக்குச் செய்தி அனுப்பினான். அவளிடம் அவன் கடைசியாகச் சொன்னது அதுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு கவர் கொடுத்தார்கள். கம்மல், ஆறு இருபதில் நின்றுபோன கைக்கடிகாரம், வீட்டுச் சாவி. சாவியை மட்டும் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாளாம். விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம். எப்போதும் கைப்பையின் உள் ஜிப்பில் கிடக்கிற சாவி, நடுரோட்டில் அவள் கைக்கு எதற்கு வந்தது? ஊருக்கெல்லாம் துப்புத் துலக்குகிறவனுக்கு அதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

சாலையில் கிடந்த இன்னொரு பொருள் வண்டியின் பக்கக் கண்ணாடி. வண்டியோடு பொருத்தும் தட்டில் மூன்று திருகு கம்பெனி போட்டது. நாலாவது, மரத்தச்சர் போடுகிற பித்தளைத் திருகு. அதைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு அடிபட்ட வண்டிகள் போய்ச்சேரும் இடத்தையெல்லாம் தேடினான். அடிபட்ட வண்டி ஒருநாள் ஏலத்துக்கு வந்தே தீரும். சுற்று வட்டாரத்தில் எந்தப் பொது ஏலம் நடந்தாலும் பட்டியலை வாங்கி வரி விடாமல் படித்தான்.

போன வாரம் ஒரு வரி சிக்கியது. 'எண் 47. பிக்கப் வண்டி. பக்கக் கண்ணாடி ஒன்று வேறு வண்டியுடையது.'

ஏல மைதானத்துக்குப் போய் அந்தக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். நாலு ஓட்டை. ஒன்று கையால் துளைத்தது. துணியில் சுற்றியிருந்ததை எடுத்து வைத்தான். செருப்புக்குள் கால் போல உட்கார்ந்தது.

வண்டி கிடைத்துவிட்டது. ஓட்டியவன் யார்?

வண்டியின் சொந்தக்காரர், மைதானத்துக்கு எதிரே ஜெனரேட்டர், கான்கிரீட் கலக்கும் மெஷின், வண்டி எல்லாம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். கடனில் கடை மூழ்கி, பொருள்களைப் பேங்க் எடுத்து ஏலத்துக்கு அனுப்பியிருந்தது. கண்ணாடியைப் பார்த்ததும் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சாவி ஆணியில தொங்கும் தம்பி. ஏலத்துல பெருசா எதாவது எடுத்தவங்க, அவங்களே எடுத்து ஓட்டிட்டுப் போவாங்க. நோட்டுல எழுதிட்டு, வாடகைய உண்டியல்ல போட்டுடுவாங்க. எல்லாம் நம்பிக்கைதான். அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல. மறுநாள் காலையில வந்து பார்த்தா கண்ணாடியக் காணோம், நோட்டுல அந்தப் பக்கத்தக் காணோம். பயந்துட்டேன். வேற வண்டிக் கண்ணாடி ஒண்ணப் பூட்டி, தார்ப்பாயப் போட்டு மூடினவன்தான். போன வாரம் பேங்க்காரன் கிரேன்ல தூக்கினப்போதான் வண்டியே வெளிச்சத்தப் பார்த்துது."

"வேற ஏதாவது உடைஞ்சிருந்ததா?"

"டிரைவர் பக்கக் கதவு. முந்தின நாள் ராத்திரி நான்தான் ஓட்டிட்டு வந்து நிறுத்தினேன், நல்லா இருந்துது. காலையில பார்த்தா கைப்பிடிக்குள்ள ஸ்பிரிங் போயிருந்துது. பார்க்க நல்லாத்தான் இருக்கும். இழுத்தா வெறுமனே ஆடும்."

அன்று அவன் அந்தக் கதவோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினான். பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. முட்டியால் கதவை உள்பக்கமாக அமுக்க வேண்டும். அமுக்கியபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டு, உள் தாழைக் கட்டைவிரலால் மேலே தூக்க வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினாலும் திறக்காது.

அதாவது, வண்டிக்காரரையும் அவனையும் விட்டால், அந்தக் கதவைத் திறக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்.

ஏல ஆபீஸ் பதிவேட்டைப் புரட்டியதில், விபத்தன்று சொந்த வண்டியில் அடங்காத பொருள் எடுத்தவர்கள் மூன்று பேர். பழைய இரும்புக்கடைக்காரர், ஒரு கம்ப்ரெசர். தையல் யூனிட் அம்மா, ஆறு தையல் மெஷின். கடிகாரக்காரர், ஆள் உயரப் பெட்டிக் கடிகாரம் ஒன்று. மூன்று பேரும் ஏலத்துக்கு வருவதை நிறுத்தாதவர்கள். வாடகைப் பாக்கி கேட்பது போல வண்டிக்காரர் மூலம் மூன்று பேரிடமும் கேட்டாகிவிட்டது. மூன்று பேருக்கும் ஒரே பதில். "அந்த வண்டியா? நான் தொட்டதே இல்லியே."

இன்று பார்வை நாள். நாளை ஏலம். வாங்க நினைப்பவர்கள் வந்து தட்டிப் பார்க்கலாம், தடவிப் பார்க்கலாம், திறந்து பார்க்கலாம். மாலை நாலுக்கு மணி அடித்தால் எல்லோரும் வெளியே.

ஏலம் கூறுகிற பெண்மணியை மைதானத்தில் எல்லோரும் சுத்தியல் அக்கா என்பார்கள். முப்பது வருடமாக அந்தச் சுத்தியலைத் தட்டுகிறவர். நேற்று அவன் விஷயத்தைச் சொன்னதும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"என்ன வேணும் உனக்கு?"

"ஒரு பெட்டி, அக்கா. அதுக்குள்ள மூணு பொருள். கம்ப்ரெசர் மூடி ஒண்ணு, தையல் மெஷின் தலை ஒண்ணு, கடிகாரம் ஒண்ணு. பெட்டி அந்த வண்டி சீட்டு மேல இருக்கணும். வண்டியோட மறுபக்கம் சுவத்த ஒட்டி நிக்கணும். ஜன்னல் பாதி இறங்கியிருக்கணும்."

"பெட்டியப் பார்க்கணும்னா டிரைவர் பக்கக் கதவத் திறந்தே ஆகணும்." அக்கா தலையசைத்தார். "கடிகாரம் நல்லதா வைக்கிறேன். தூண்டில்ல மண்புழு அழுகலா இருந்தா மீனு மோந்துட்டுப் போயிடும்."

வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முன்கண்ணாடியிலும் சுண்ணாம்பால் எண். அந்தப் பக்கம் கடைசல் எந்திரங்கள், வெல்டிங் செட், பல் போன டிராக்டர். கொட்டகைக்குள் மேசை மேசையாகப் பழைய நாணயம், தபால்தலை, ரேடியோ, கேமரா. எண்ணெய் வாடையும் தூசு வாடையும் கலந்து அடித்தது.

அவனும் மைத்துனனும் நாற்பத்தெட்டாம் எண் வண்டிக்குப் பின்னால், ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் தள்ளி, ஜெனரேட்டர் வாங்க வந்தவர் போல ஒருவர் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். அவன் சொல்லி வரவழைத்த இன்ஸ்பெக்டர்.

"மாமா, ஜெனரேட்டர் வாங்க வர்றவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுட்டா வருவான்? மூஞ்சி பார்த்து முடி சீவிக்கலாம் போல மின்னுது." மைத்துனன் எழுந்து போய் இன்ஸ்பெக்டர் காதில் ஏதோ சொன்னான். அவர் முறைத்தார். ஆனால் காலை மண்ணில் தேய்த்துக்கொண்டார்.

காலை முழுக்க ஆட்கள் வந்தார்கள். கதவை இழுத்தார்கள். திட்டினார்கள். போனார்கள். மைத்துனன் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தான்.

பதினொன்றரைக்குத் தையல் யூனிட் அம்மா வந்தார். கைப்பிடியை நாலு இழு இழுத்தார். "கதவே தொறக்கல, இந்த வண்டிய எவன் எடுப்பான்? கோழி அடைக்கக்கூட லாயக்கில்ல," என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"தையல் அம்மா பாஸ்," என்று மைத்துனன் கோடு போட்டான்.

ஒரு மணிக்கு இரும்புக்கடைக்காரர். வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார். குனிந்து அடிப்பாகம் பார்த்தார். ஜன்னலருகே வந்தார். கைப்பிடியைத் தொடவில்லை. நேராக ஜன்னலுக்குள் கையை விட்டார்.

மைத்துனனின் கை பைக்குள் போனது. கம்பி ஜிப்பில் உரசும் சத்தம் கேட்டது. அவன் மைத்துனனின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இரு."

"மாமா, கை உள்ள போயிடுச்சு!"

"முட்டி போகல. இரு."

இரும்புக்கடைக்காரர் ஸ்டியரிங்கைத் தட்டிப் பார்த்தார். சீட்டு ரெக்சினைக் கிள்ளிப் பார்த்தார். கையை வெளியே எடுத்துக் கைப்பிடியைப் பிடித்துப் பலமாக இழுத்தார். கைப்பிடி கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. அவர் இடமும் வலமும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, அதைப் பழையபடி செருகி வைத்துவிட்டுப் பூனை போல நகர்ந்தார்.

மைத்துனன் மூச்சு விட்டான். "கழுவுற மீன்ல நழுவுற மீனுன்னு நெனச்சேன். வெறும் கைப்பிடித் திருடன்கூட இல்ல. நேர்மையா செருகிட்டுப் போறான்."

மீதி ஒருவர்.

அந்த ஒருவர் மூன்று மணிக்கு வந்தார். வந்து பெஞ்சில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அறுபது வயது இருக்கும். வெளுத்த சட்டை. மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஈரமான கண். காரியத்துக்கு வீட்டுக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். அன்று ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

"இன்னும் ஒண்ணும் துப்புக் கிடைக்கலியா தம்பி?"

"இல்ல சார்."

"கடவுள்னு ஒருத்தர் இருக்காரு."

"இருந்தா இன்னிக்கு இங்க வரட்டும் சார். பார்வை நாள்தானே."

கடிகாரக்காரர் அவன் தோளைத் தட்டிவிட்டு எழுந்தார். கொட்டகைக்குள் போனார். நாற்பத்தேழாம் எண் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"போயிட்டாரே மாமா. மூணு பேரும் இல்லேன்னா? வண்டி தானா போய் இடிச்சிட்டு வந்துதா?"

"ஏலத்துல பழம் தின்னு கொட்டை போட்டவன், வேணுங்கிற பொருளப் பார்க்கவே மாட்டான். பார்த்தா அடுத்தவன் போட்டிக்கு வருவான். கூட்டம் கலையட்டும்."

அவன் எழுந்து சுத்தியல் அக்காவிடம் போனான். ஒரே ஒரு வேண்டுதல். மணியைப் பத்து நிமிடம் முன்னாலேயே அடிக்க வேண்டும்.

மூன்று ஐம்பதுக்கு மணி அடித்தது. ஜனம் சலித்துக்கொண்டே கேட்டைப் பார்த்து நகர்ந்தது. மைதானம் காலியானது. நாற்பத்தேழாம் எண் வண்டிக்குள்ளிருந்து கடிகாரத்தின் டிக் டிக் மட்டும் கேட்டது. அக்கா கொடுத்த வாக்கு தவறவில்லை. கடிகாரம் நல்ல கடிகாரம்.

கொட்டகையிலிருந்து கடிகாரக்காரர் வேக நடையில் வந்தார். ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தார். இன்னும் இரண்டு நிமிடத்தில் காவலாளி விரட்டுவான். அவர் கண் ஜன்னல் வழியாகப் பெட்டியில் இருந்தது. காது டிக் டிக்கில் இருந்தது. கால் கதவருகே நின்றது.

முட்டி அமுக்கியது. கை உள்ளே போனது. கட்டைவிரல் தூக்கியது.

கதவு திறந்தது.

பெட்டியைத் தள்ளிவிட்டு அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கடிகாரத்தை மடியில் வைத்துக் காதோடு சேர்த்தார். முகத்தில் குழந்தையைத் தூக்கியவரின் சிரிப்பு.

கதவு சாத்தப்பட்டது. அவன் அதில் சாய்ந்து நின்றான். அந்தப் பக்கம் சுவர். இந்தப் பக்கம் அவன்.

"வசதியா உக்காருங்க சார். பழகின சீட்டுதானே."

"என்ன தம்பி? கடிகாரத்தப் பார்க்கலாம்னு..."

"இந்தக் கதவ எப்படித் திறக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது. எடுக்க மறந்த பொருள் போல.

"பழைய வண்டி எல்லாம் இப்படித்தானே தம்பி."

மைத்துனன் நோட்டை ஜன்னலில் நீட்டினான். "காலையிலேர்ந்து இருபத்துமூணு பேர் சார். இருபத்துமூணு பேரும் கைப்பிடியத்தான் இழுத்தாங்க. ரெண்டு பேர் உதைச்சாங்க. ஒருத்தர் கதவோட அம்மாவ விசாரிச்சாரு. முட்டியால அமுக்கி, கைய விட்டு, கட்டைவிரலால தூக்கினது இருபத்துநாலாவது ஆள். நீங்க மட்டும்தான்."

"கைப்பிடி உடைஞ்சது அன்னிக்குத்தான்," என்றான் அவன். "முந்தின ராத்திரி நல்லா இருந்துது. மறுநாள் காலையில போயிருந்துது. அதுக்கப்புறம் தார்ப்பாய். நடுவுல ஒரே ஆள். நீங்க தொட்டதே இல்லேன்னு சொன்னீங்க. வாய் மறந்துடுச்சு. கை மறக்கல."

துணியை அவிழ்த்துக் கண்ணாடியை ஜன்னல் விளிம்பில் வைத்தான். அதில் கடிகாரக்காரரின் முகம் மூன்று துண்டாகத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். அவன் திரும்பாமலே இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு நிமிடம். அவர் நின்றார்.

"கடிகாரம் சரிஞ்சுது தம்பி," என்றார் கடிகாரக்காரர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பின்னாடி கட்டியிருந்த கயிறு அவிழ்ந்துடுச்சு. திரும்பிப் பார்த்தேன். ஒரு நொடி. ஒரே நொடிதான்."

"அப்புறம் இறங்கினீங்க. திரும்ப ஏறும்போதுதான் கைப்பிடி உங்க கையோட போச்சு. வெளிய நின்னுக்கிட்டு முட்டியால அமுக்கி, கைய விட்டு, என்னென்னமோ பண்ணித் திறந்தீங்க. அந்தப் பதட்டத்துல பழகினதுதான் கையிலயே தங்கிடுச்சு. எதுக்கு இறங்கினீங்க?"

அவர் கண் ஒரு கணம் மடிக்குப் போய்த் திரும்பியது.

"கடிகாரம் உடைஞ்சுதான்னு பார்க்க," என்றான் அவன்.

மைத்துனன் கம்பியோடு முன்னால் வந்தான். கண் சிவந்திருந்தது. இப்போது அவனிடம் ஜோக் இல்லை. "தள்ளுங்க மாமா. ஒண்ணே ஒண்ணு."

அவன் கம்பியை வாங்கினான். கை அதன் கனத்தை விரும்பியது. பதினாலு மாதமாகத் தினமும் இந்த நிமிடத்துக்காகத்தான் பல் தேய்த்தான், குளித்தான், டீ குடித்தான். கம்பியை வண்டியின் கூரைமேல் வைத்தான். டங்கென்று சத்தம் கேட்டது. உள்ளே இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பயப்படாதீங்க சார். அவ்வளவு சுலபமா விட மாட்டேன். கேஸ் நடக்கும். வக்கீல் வைப்பீங்க. வீடு வாசல் எல்லாம் போகும். உங்க கடிகாரங்க ஒவ்வொண்ணா இதே மேசைக்கு வரும். ஒவ்வொண்ணையும் நான் எடுப்பேன். அந்தப் பெட்டிக் கடிகாரத்த முதல்ல எடுப்பேன். ஒண்ணுக்கும் சாவி குடுக்க மாட்டேன். எல்லாம் என் வீட்டுல ஆறு இருபதுல நிக்கும். அவ விழுந்த நேரத்துல. எத்தனை கடிகாரம் நின்னாச்சுன்னு மாசாமாசம் ஜெயிலுக்கு வந்து உங்ககிட்ட கணக்குச் சொல்லுவேன். உப்பத் தின்னீங்க. தண்ணி நான் ஊத்தறேன், சொட்டுச் சொட்டா."

கடிகாரக்காரர் அழுதார். மடியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரே கேள்வி," என்றான் அவன். "இறங்கிப் போனப்போ அவளுக்கு நினைவு இருந்துதா?"

ஆமாம் என்று தலை ஆடியது.

"பேசினாளா?"

"பேசினாங்க தம்பி. என்னை மன்னிச்சிட்டேன்னு சொன்னாங்க. நல்லா இருங்கன்னு..."

மைத்துனன் சிரித்துவிட்டான். கண்ணீரோடு வந்த சிரிப்பு. "யாரு, எங்க அக்காவா? ஏழாங்கிளாஸ்ல பென்சில உடைச்சேன்னு சாகுற வரைக்கும் என்னையே மன்னிக்காதவ. உன்னை மன்னிச்சாளா? பொய்யாவது பொருந்தச் சொல்லுய்யா!"

"நிஜமாச் சொன்னது என்ன?" அவன் குரல் உயரவில்லை. "அதச் சொன்னா அந்தப் பெட்டிக் கடிகாரத்துக்கு மட்டும் சாவி குடுக்கிறேன்."

கடிகாரக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வெகு நேரம் துடைத்தார். இன்ஸ்பெக்டரின் நிழல் ஜன்னலில் விழுந்தது. சுத்தியல் அக்கா தூரத்தில் கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"பையைத் துழாவி எதையோ எடுத்து என்கிட்ட நீட்டினாங்க. நான் வாங்கல. வாங்கியிருந்தா கொண்டுபோய்க் குடுக்கணும். குடுத்தா நான்தான்னு தெரிஞ்சிடும். கையப் பின்னால கட்டிக்கிட்டு நின்னேன்."

"என்ன சொன்னா?"

அவர் சொன்னார். அவள் சொன்னபடியே, அவளுடைய அவசரத்தோடு சொன்னார்.

"அண்ணே, இந்தச் சாவிய அவருகிட்ட குடுத்துடுங்க. வாசல்லயே நிப்பாரு, கோவத்துல வேற இருப்பாரு."